அடையாற்றுக் கரையின் மூன்று மசோதாக்கள்

நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில், கவிதையைத் திருத்தி எழுதுவது பற்றிப் பேச்சு வந்தது. அச்சேறாத கவிதை கவிதைதானா என்று மூத்தவர் ஒருவர் வினவினார். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த இளங்கவிஞர் எழுந்து, "சட்டமாகாமற் போன மசோதா என்ன ஆகும், ஐயா?" என்று எதிர்வினா எழுப்பினார். அவையில் சிரிப்பு எழுந்தது. அன்று எவரும் அதற்குத் தக்க விடை கூறவில்லை. நானும் கூறவில்லை. பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுத அமர்ந்தபோது, அந்த வினாவே முதலில் முன்வந்து நின்றது.

விடையைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. நாம் கூடும் பெசன்ட் நகரைச் சுற்றி நடந்தாலே போதும். வடக்கே அடையாற்றின் முகத்துவாரத்தில் பிரம்மஞான சபையின் தோட்டம். அதனையடுத்த பெசன்ட் அவென்யூ சாலையில் அவ்வை இல்லம். தெற்கே திருவான்மியூர் எல்லையில் கலாக்ஷேத்ரா. இம்மூன்று இடங்களோடும் தம் வாழ்வைப் பிணைத்துக்கொண்ட மூன்று பெண்மணிகள் ஆளுக்கொரு மசோதாவைத் தந்தனர். அன்னி பெசன்ட், முத்துலட்சுமி ரெட்டி, ருக்மிணி தேவி அருண்டேல் என்போர் அம்மூவர். மூவரில் ஒருவர் கையிலும் அவரவர் மசோதா சட்டமாகவில்லை. எனினும் மூன்றும் அழிந்து போகவுமில்லை. ஒரு மசோதா சட்டமாகும் வழி எத்தகையது என்பதைப் பாடநூலின் அட்டவணையைவிட இம்மூன்றின் கதை தெளிவாகக் காட்டும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மசோதா என்பது அரபு மொழியிலிருந்து வந்த சொல். கருமை என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்து, அடித்தும் திருத்தியும் மையால் கறுத்துப்போன தாளைக் குறித்தது. செம்மையாகப் படியெடுத்த தாளுக்கு அம்மொழியில் வெண்மையைக் குறிக்கும் வேரிலிருந்து வேறொரு சொல் உண்டு. நாம் இன்று 'சட்டமுன்வடிவு' என்கிறோம். கறுத்த தாள் வெளுத்த தாளாவதே சட்டமியற்றல் என்று கொண்டால், கவிஞர்களாகிய நமக்கு அது அந்நியமான தொழிலன்று. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கவிதையைத் திருத்துபவன் கவிஞன் ஒருவனே. மசோதாவைத் திருத்துவோரோ நூற்றுக்கணக்கானோர். அவர்களுள் பகைவரும் உண்டு.

முதற்படியில் நின்றது

பெசன்ட் நகருக்குப் பெயர் தந்த அன்னி பெசன்ட் அம்மையார் 1893ஆம் ஆண்டு இந்தியா வந்தார். 1907இல் பிரம்மஞான சபையின் தலைவரானார். 1916இல் தன்னாட்சி இயக்கம் தொடங்கி, மறு ஆண்டே காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கினார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தோடு அவர் உடன்படவில்லை. இந்தியருக்கு வேண்டிய ஆட்சி எது என்பதை இந்தியரே சட்டமொழியில் எழுதிக்காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்கென ஒரு தேசிய மாநாட்டைக் கூட்டி, பலருடன் கலந்து, 'இந்தியப் பொதுநல நாட்டு மசோதா' என்ற ஒன்றை உருவாக்கினார். மற்றைய குடியேற்ற நாடுகளுக்குச் சமமான தன்னாட்சியை அது கோரியது. தனிமனித உரிமை, மனச்சான்று உரிமை, கருத்துரிமை, கூடும் உரிமை, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் நெறி, ஆணென்றும் பெண்ணென்றும் வேற்றுமை பாராட்டாமை ஆகியன அதில் இடம்பெற்றன. குறையும் இருந்தது. சிற்றூர்ப் பஞ்சாயத்தில் எல்லார்க்கும் வாக்களித்த அம்மசோதா, மேலவைகளுக்குச் செல்லச் செல்ல வாக்காளருக்குரிய தகுதியை உயர்த்திக்கொண்டே போயிற்று.

1925 டிசம்பரில், தொழிற்கட்சி உறுப்பினர் ஜார்ஜ் லான்ஸ்பரி இதனை இங்கிலாந்துக் காமன்ஸ் சபையில் அறிமுகம் செய்தார். அது முதல் வாசிப்பைப் பெற்றது. இங்கு ஒரு நுட்பத்தை அறிதல் வேண்டும். 'வாசிப்பு' என்பது அச்சுப்பொறி பரவாத காலத்தில் மசோதாவை அவையில் வாய்விட்டுப் படித்த வழக்கத்தின் எச்சம். முதல் வாசிப்பில் விவாதமில்லை. மசோதாவின் பெயர் மட்டும் ஒலிக்கும். இரண்டாம் வாசிப்பில்தான் அதன் கொள்கை விவாதிக்கப்படும். அதற்கு நேரம் ஒதுக்குவது ஆளுங்கட்சியின் கையில் இருந்தது. அன்று ஆண்டது பழைமைக் கட்சி. பெசன்ட் அம்மையாரின் மசோதா இரண்டாம் வாசிப்பைக் காணவேயில்லை. பெயர் ஒலித்ததோடு அது நின்றது.

ஆனால் அதில் எழுதப்பட்ட உரிமைகள் நிற்கவில்லை. 1928இன் மோதிலால் நேரு அறிக்கையில் அவற்றையொத்தவை வந்தன. 1931இன் கராச்சித் தீர்மானத்தில் வந்தன. 1950இல் நம் அரசியலமைப்பின் மூன்றாம் பகுதியில் அடிப்படை உரிமைகளாக நிலைபெற்றன. இவையெல்லாம் பெசன்ட் அம்மையாரின் தாளிலிருந்து நேரே வந்தவை என்று கூறினால் அது மிகையாகும். பலர் கை அவற்றில் உண்டு. உரிமைகளைப் பட்டியலிட்டுச் சட்டமொழியில் எழுதலாம், எழுத வேண்டும் என்ற வழக்கத்துக்கு அத்தாள் ஒரு தொடக்கம் என்பது மட்டும் உறுதி. அம்மையார் 1933இல் அடையாறில் மறைந்தார். தம் மசோதாவின் பின்கதையை அவர் அறியார்.

மக்கள் கருத்துக்கு அனுப்பப்பட்டது

இரண்டாமவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். சென்னைச் சட்டமேலவையில் உறுப்பினராக நியமிக்கப்பெற்று அதன் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றமேறிய முதற்பெண்மணி அவரே. பெண்குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிப்பது அவர் மேற்கொண்ட பெரும்பணி.

அவர் அதனை மூன்று படிகளாகச் செய்தார். 1927இல், அவ்வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று ஒரு தீர்மானம் கொணர்ந்தார், அவை ஏற்றது. தீர்மானம் அவையின் விருப்பத்தைச் சொல்லும், எவரையும் கட்டுப்படுத்தாது. ஆகவே அடுத்து, இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா கொணர்ந்தார். கோயிற்பணிக்கு ஈடாகத் தேவதாசிக் குடும்பங்கள் துய்த்துவந்த மானிய நிலங்களை, அப்பணியிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்குவது அதன் நோக்கம். அது 1929இல் சட்டமாயிற்று. வழக்கத்தை ஒழிக்குமுன், அவ்வழக்கத்தால் உண்டு வாழ்ந்தவரின் நிலத்தைக் காக்க நினைத்த முறை கவனிக்கத்தக்கது. மூன்றாவதாக 1930இல், பொட்டுக்கட்டுதலையே தடைசெய்யும் மசோதாவை முன்வைத்தார்.

அம்மசோதா மக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்டது. சட்டமியற்றும் வழியில் இஃது ஒரு முறையான படி. கருத்தறிய அனுப்புதல், தெரிவுக்குழுவுக்கு அனுப்புதல், உடனே ஆய்வுக்கு எடுத்தல் என்பன ஒரு மசோதாவின் முன்னுள்ள பாதைகள். கருத்தறியும் பாதை நீளமானது. தாமதிக்க விரும்புவோருக்கும் அதுவே வசதியானது. ஆயினும் அது வெறும் தந்திரமன்று. அப்பாதையில்தான், எவரைப் பற்றி மசோதா பேசுகிறதோ அவருடைய குரலும் கேட்க வழியுண்டு. அன்றைய குரல்கள் ஒருமித்திருக்கவில்லை. அந்தக் குலத்திலேயே பிறந்து அவ்வழக்கத்தை எதிர்த்து ஊரூராகப் பேசிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் ஒருபுறம். தங்கள் கலையையும் பிழைப்பையும் ஒழுக்கக்கேடு என்ற ஒரே சொல்லால் துடைத்துவிடலாகாது என்று அரசுக்கு விண்ணப்பித்த தேவதாசிப் பெண்கள் மறுபுறம்.

அதே 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் சிறைப்பட்டார். அதனைக் கண்டித்து முத்துலட்சுமி அம்மையார் பதவியைத் துறந்தார். மசோதாவை முன்மொழிந்தவர் அவையில் இல்லை, மசோதா அனாதையாயிற்று. அவரோ தம் பணியை அவைக்கு வெளியே தொடர்ந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக அவர் தொடங்கிய அவ்வை இல்லம் பின்னர் அடையாறுக்கு வந்தது. சட்டம் செய்ய வேண்டியதைச் சட்டம் வரும்வரை ஒரு வீடு செய்தது என்று கூறலாம்.

பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1947இன் 31ஆம் சட்டமாகப் பொட்டுக்கட்டுத் தடைச்சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறிற்று. அப்போது அம்மையார் அவை உறுப்பினரல்லர். பொட்டுக்கட்டுதல் சட்டத்துக்குப் புறம்பானது, பொட்டுக்கட்டப்பட்ட பெண் முறையான திருமணம் செய்துகொள்ளத் தடையில்லை என்று அச்சட்டம் கூறியது. பெண் ஒருத்தியைத் தீராத கட்டிலிருந்து விடுவித்த விதி அது. ஆனால் கோயில் வளாகத்திலும் சுவாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதும் சட்டவிரோதம் என்று அச்சட்டத்திலேயே வேறோர் உட்பிரிவு இருந்தது. சிறுமியைக் காத்த கை, ஆடலரசிகளின் காலடியிலிருந்த கல்தளத்தையும் எடுத்துக்கொண்டது. ஒரு சட்டத்தின் நன்மையையும் இழப்பையும் ஒருசேர நினைவிற்கொள்வது நம் கடமை.

திரும்பப் பெறப்பட்டது

இழந்த தளத்துக்கு மாற்றாக எழுந்த மேடையோடு மூன்றாமவரின் கதை தொடங்குகிறது. 1904இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி, மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் மரபில் வந்த கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் ஆடல் பயின்று, 1936இல் அடையாறில் கலாக்ஷேத்ராவை நிறுவினார். இவை நாமறிந்தவை. அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்ததை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 1952இல் மாநிலங்களவை அமைந்தபோது, கலை, இலக்கியம், அறிவியல், சமூகப்பணி ஆகியவற்றில் தேர்ந்தோராகக் குடியரசுத் தலைவர் நியமித்த பன்னிருவருள் அவரும் ஒருவர். இந்திக் கவிஞர் மைதிலி சரண் குப்தரும் அவ்வரிசையில் இருந்தார். 1962 வரை ருக்மிணி தேவி அவ்வவையில் அமர்ந்திருந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் நடனமன்று, விலங்குகளின் துன்பம். விலங்கு வதைத் தடுப்புக்கு 1890ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருந்தது. நகராட்சி எல்லைகளுக்குள் மட்டுமே அது செல்லும். மாநில அரசு விரும்பினால் மற்ற இடங்களுக்கும் விரிக்கலாம். வளர்ப்பு விலங்கும் பிடிபட்ட விலங்குமே அதன் கணக்கில் விலங்குகள். குறிப்பிட்ட சில கொடுமைகளையே அது கொடுமை என்றது. தண்டனையும் போதாது. இந்தப் பழஞ்சட்டத்துக்கு மாற்றாக 1953இல் ருக்மிணி தேவி ஒரு தனிநபர் மசோதாவைக் கொணர்ந்தார்.

அமைச்சரல்லாத உறுப்பினர் எவரும் கொணரும் மசோதாவே தனிநபர் மசோதா எனப்படும். முன்னறிவிப்புத் தந்து, அவையின் இசைவு பெற்று அறிமுகம் செய்தல் வேண்டும். வாரத்தின் இறுதியில், வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் சில மணி நேரமே இத்தகைய அலுவல்களுக்கு உரியது. பெரும்பாலானவை விவாதத்தின் வாயிலைக்கூட எட்டுவதில்லை. விடுதலைக்குப் பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமான தனிநபர் மசோதாக்கள் பதினான்கு மட்டுமே. அவற்றுள் கடைசியானது 1970இல் சட்டமாயிற்று.

ருக்மிணி தேவியின் மசோதா விவாதம்வரை வந்தது. அவர் அவையில் மனமுருகப் பேசினார். பிரதமர் நேரு மாநிலங்களவை உறுப்பினரல்லர். எனினும் அமைச்சர் எவரும் இரு அவைகளிலும் பேசலாம் என்ற விதிப்படி எழுந்து பேசினார். மசோதாவின் நோக்கத்தில் தமக்கும் உடன்பாடே என்றார். இப்பொருளை ஆராய்ந்து அரசே விரிவான சட்டம் கொண்டுவரும். ஆகவே இதனைத் திரும்பப் பெறுக என வேண்டினார்.

இங்குதான் சட்டமியற்றலின் கடினமான கணம் உள்ளது. வாக்கெடுப்பு வேண்டுமென்று நின்றிருந்தால், ஆளுங்கட்சியின் பெரும்பான்மை முன் அம்மசோதா தோற்றிருக்கும். கொள்கைக்காகத் தோற்றார் என்ற புகழ் அவருக்குக் கிடைத்திருக்கும். மாட்டுக்கும் குரங்குக்கும் ஒன்றும் கிடைத்திராது. திரும்பப் பெற்றால், தந்த வாக்கை அரசு காப்பாற்றும் என்பதற்கு உறுதிமொழி தவிர வேறு பிணை இல்லை. அவையின் முன் வைத்த மசோதா அவையின் உடைமை. அதன் அனுமதியின்றிக் கொணர்ந்தவரே அதனைத் திரும்பப் பெறவும் இயலாது. ருக்மிணி தேவி அனுமதி பெற்றுத் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார்.

அரசு சொன்ன சொல்லைக் காத்தது. ஒரு குழு அமைக்கப்பட்டது; பழைய சட்டத்தின் குறைகளை அக்குழு எடுத்துரைத்து, முழுமையான புதுச்சட்டம் வேண்டுமென்றது. அப்பரிந்துரைகளுள் அரசு ஏற்றவற்றைக்கொண்டு அரசு மசோதா எழுதப்பட்டது. ஒவ்வொரு மசோதாவும் அவையில் கொள்கை விவாதத்தைக் கடந்தபின், பிரிவு பிரிவாக எடுத்து வாக்குக்கு விடப்படும். ஒரு சொல்லை நீக்குக, ஒரு சொல்லைச் சேர்க்க என்று உறுப்பினர் திருத்தம் கொடுப்பது அப்போதுதான். பிறகு மூன்றாம் வாசிப்பில் முழுமையாக ஏற்பர். மற்றோர் அவையிலும் இவ்வளவும் நடைபெற வேண்டும். அங்கு ஒரு சொல் மாறினாலும், அம்மாற்றத்துக்கு முதல் அவை மீண்டும் இசைய வேண்டும். இவ்வாறு இரு அவைகளையும் கடந்த விலங்கு வதைத் தடுப்பு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் 1960 டிசம்பர் 26இல் கிடைத்தது. அவ்வாண்டின் 59ஆம் சட்டம் அது. அன்று குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத்.

சட்டமாய் வந்தது ருக்மிணி தேவி விரும்பியதன் முழு உருவமன்று. உயிருள்ள விலங்குகளை ஆய்வுக்கூடத்தில் அறுப்பதை அவர் எதிர்த்தவர். சட்டமோ அறிவுவளர்ச்சிக்கான சோதனைகளை அனுமதித்து, கட்டுப்படுத்த ஒரு குழுவுக்கு மட்டும் வழிசெய்தது. உணவுக்காகக் கொல்லுதலும், சமய முறைப்படி கொல்லுதலும் விலக்குப் பெற்றன. முதற்குற்றத்துக்கு அபராதம் ஐம்பது ரூபாய் வரை. 1960இல் அத்தொகைக்கு ஓரளவு மதிப்பிருந்தது. உயர்த்தப்படாமலே பல்லாண்டுகள் கழிந்தன. 2022இல் நடுவண் அரசு திருத்த வரைவொன்றை மக்கள் கருத்துக்கு வெளியிட்டபோதும் அந்த ஐம்பது ரூபாயே சட்டத்தில் இருந்தது.

கவிஞர்கள் உற்றுநோக்க வேண்டிய ஒரு சொல் அச்சட்டத்தில் உண்டு. விலங்குக்குத் துன்பம் தருவதைச் சட்டம் முற்றாகத் தடுக்கவில்லை. 'தேவையற்ற' வலியையும் துன்பத்தையுமே தடுத்தது. அச்சட்டத்தின் பாரமெல்லாம் இந்த ஒரு பெயரடையின் மேல் நிற்கிறது. எது தேவை, எது தேவையற்றது என்பதை அவை அறுதியிட்டுக் கூறவில்லை. வருங்காலத்துக்கு விட்டது. அவ்வருங்காலம் நம் கண்முன்னே வந்தது.

சட்டமான பின்னும் முடியாதது

1960இன் சட்டம் ஒரு விலங்குநல வாரியத்துக்கு வழிசெய்தது. 1962இல் அமைந்த அவ்வாரியத்தின் முதல் தலைவர் ருக்மிணி தேவியே. அவர் 1986இல் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார். இந்தியா முழுமைக்குமான அவ்வாரியத்தின் தலைமையிடம் நெடுங்காலம் சென்னையில் இருந்தது. 2018இல்தான் அரியானாவுக்குப் பெயர்ந்தது. திரும்பப் பெறப்பட்ட மசோதாவின் ஆசிரியர், வந்த சட்டத்தின் காவலரானார். ஆடற்பள்ளிக்கும் பின்னர் ஒரு சட்டம் வந்தது. 1993இன் கலாக்ஷேத்ரா அறக்கட்டளைச் சட்டத்தால் நாடாளுமன்றம் அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது.

2014 மே 7 அன்று உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தது. அவ்வழக்கைத் தொடுத்தது விலங்குநல வாரியம். ஆதாரமாக நின்றது 1960இன் சட்டம். காளைக்கு நேரும் துன்பம் தேவையற்றது என்பது நீதிமன்றத்தின் கருத்து. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர் திரண்டனர். அவர்களுக்கோ அது மரபு, நாட்டு மாட்டினத்தின் பிழைப்பு. அடையாற்றின் தென்கரையில் கருக்கொண்ட சட்டத்தை, அதே கடற்கரையில் வடக்கே சில கல் தொலைவில் கூடிய கூட்டம் எதிர்த்தது. ருக்மிணி தேவி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க எனக்கு உரிமையில்லை. சட்டம் எவ்வாறு மாறியது என்பதை மட்டும் கூறுகிறேன்.

விலங்கு வதைத் தடுப்பு என்பது அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ள பொருள். நடுவண் அரசும் மாநில அரசும் அதுபற்றிச் சட்டம் செய்யலாம். இரண்டும் முரண்பட்டால் நடுவண் சட்டமே மேலோங்கும். ஆனால் மாநில மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றுவிட்டால், அம்மாநில எல்லைக்குள் மாநிலச் சட்டமே நிற்கும். அந்த வாயில் வழியாகவே தமிழகம் சென்றது. ஜனவரி 21 அன்று ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். அவசரச் சட்டம் நிலையானதன்று. அவையின் இசைவின்றி நெடுநாள் வாழாது. ஆகவே 23ஆம் நாள் சட்டப்பேரவை திருத்த மசோதாவை நிறைவேற்றியது. 31ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். ஏழாண்டு காத்திருந்து பிறந்த சட்டத்துக்குத் திருத்தம் பதினொரு நாளில் பிறந்தது. 2023 மே 18 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அத்திருத்தம் செல்லும் என்றது. ஜல்லிக்கட்டு பண்பாட்டின் பகுதியா என்பதில் சட்டமன்றத்தின் முடிவை ஏற்பதாகவும் கூறியது.

ஒப்புதல் என்பது வெறுஞ்சடங்கன்று என்பதைத் தமிழகம் அண்மையில் மீண்டும் கண்டது. பேரவை 2023 நவம்பரில் இரண்டாம் முறையாக நிறைவேற்றியனுப்பிய பத்து மசோதாக்கள் ஒப்புதலின்றி நின்றன. அவை ஒப்புதல் பெற்றனவாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட வினாக்களுக்கு விடையளித்த ஐவர் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்கவோ ஒப்புதலைத் தானே கருதிக்கொள்ளவோ இயலாது என்றது. ஆயினும் காரணமின்றிக் காலவரையின்றித் தாமதிப்பதை நீதிமன்றம் ஓரளவு பார்க்கலாம் என்றது. மசோதாவின் பயணத்தில் கடைசி அடி எத்தனை நீளமானது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ருக்மிணி தேவியின் கதைக்கு ஓர் எதிரொலியும் உண்டு. மாநிலங்களவையில் திருச்சி சிவா, திருநர் உரிமை பற்றிக் கொணர்ந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று அவ்வவை நிறைவேற்றியது. தனிநபர் மசோதா ஒன்று சட்டமாகி நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மக்களவையில் அது சட்டமாகவில்லை. 2019இல் அரசின் சொந்த மசோதா சட்டமானது. அது முதல் மசோதாவினும் குறுகியது என்று திருநர் பலர் வருந்தினர். இங்கும் கொணர்ந்தவர் ஒருவர், சட்டமாக்கியவர் வேறொருவர், நடுவில் சொற்கள் மாறின.

இளங்கவிஞரின் வினாவுக்கு

சட்டமாகாமற் போன மசோதா என்ன ஆகும்? மூன்று கதைகளும் தரும் விடை ஒன்றே. அது கைமாறும். கொணர்ந்தவரின் பெயர் உதிரும். சில பிரிவுகள் உதிரும். சில பிரிவுகள் அவர் விரும்பாத வடிவில் சேரும். உள்ளிருக்கும் கேள்வி மட்டும், அதனை ஏற்க ஓர் அவை ஆயத்தமாகும்வரை காத்திருக்கும். கேள்வியை அவையின் ஏட்டில் பதிந்துவைத்ததே அம்மூவரின் பணி. பதியாத கேள்விக்கு எந்த அவையும் விடையளிப்பதில்லை.

இதனை எளிதில் ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாகாது. 1930க்கும் 1947க்கும் இடையில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமியருக்கு அப்பதினேழு ஆண்டுகள் வரலாற்றுப் பொறுமையன்று, அவர்களுடைய வாழ்நாள். 1947க்குப் பின் கோயில் தளத்தை இழந்த ஆடற்பெண்களுக்கு அச்சட்டம் விடுதலை மட்டுமன்று. காலம் தாழ்ந்த சட்டத்துக்கும், ஒரு சொல் மிகுந்த சட்டத்துக்கும் விலை கொடுப்போர் அவையில் அமர்ந்திருப்பதில்லை. ஆகவேதான் மசோதா மக்கள் கருத்துக்கு வரும்போது, எழுதத் தெரிந்த நாம் அதனைப் படிக்க வேண்டும். ஒரு பெயரடை எங்கே நிற்கிறது, ஓர் உட்பிரிவு யாரை விலக்குகிறது என்று பார்ப்பதில் நம்மைவிடப் பயிற்சியுடையோர் யாருளர்? யாப்பின் அசையை எண்ணும் கண், சட்டத்தின் சொல்லையும் எண்ணலாம்.

பத்தாண்டுகளாக நம் வட்டத்தில் ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்திவருகிறோம். தம் வரியைத் திரும்பப் பெறக் கற்றவரே நம்முள் நன்கு எழுதுகின்றனர். அடுத்த கூட்டத்துக்கு அவ்விளங்கவிஞர் வருவாராயின், அவரை அழைத்துக்கொண்டு பெசன்ட் அவென்யூ வழியே கலாக்ஷேத்ரா வரை நடக்க எண்ணியிருக்கிறேன். நடக்கும் தொலைவு சிறிது. அவ்வழியில் மூன்று பெண்கள் எழுதிய மூன்று தாள்களின் கதையையும் அவருக்குச் சொல்லி முடித்துவிடலாம். அதன் பின்னும் வினா இருக்குமானால், அதனை எழுதித் தருமாறு கேட்பேன். எழுதிவைத்த வினாவே கைமாறும்.